நிழலுக்கு வேலை கொடுத்தவர்கள்

பெர்லின் தெருவில் சுவரொட்டி ஒட்டுவதற்கென்றே நிற்கும் வட்டத் தூண் ஒன்று. குழந்தைகளைக் கொல்பவனைப் பிடிக்க உதவினால் பத்தாயிரம் மார்க் பரிசு என்று அதில் ஓர் அறிவிப்பு. பள்ளிக்கூடம் விட்டு வரும் எல்ஸி என்ற சிறுமி, தன் பந்தை அந்த அறிவிப்பின் மேலேயே எறிந்து எறிந்து பிடிக்கிறாள். தொப்பி போட்ட ஒரு தலையின் நிழல் காகிதத்தின் மீது வந்து விழுகிறது. பந்து அழகாக இருக்கிறதே என்கிறது ஒரு குரல். உன் பெயர் என்ன என்று கேட்கிறது.

ஃபிரிட்ஸ் லாங் 1931இல் எடுத்த 'எம்' படத்தில் கொலைகாரன் அறிமுகமாகும் இடம் இது. கொலையை லாங் காட்டவில்லை. மகளுக்காக மேசையில் வைத்த தட்டு காலியாகவே இருக்கிறது. தாய் கூப்பிடும் குரல் யாருமில்லாத மாடிப்படியில் போய் முட்டுகிறது. புதரிலிருந்து பந்து உருண்டு வந்து நிற்கிறது. அவன் வாங்கிக் கொடுத்த பலூன் தந்திக் கம்பியில் சிக்கி ஆடிவிட்டுப் பறந்துபோகிறது. முடிந்தது. ரத்தம் ஒரு சொட்டு இல்லை.

இந்த நிழலைப் பற்றி எழுதியவர்கள் பலரும் அது தீமையின் சின்னம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அது போதவில்லை. நிழல் விழுந்த இடத்தைப் பாருங்கள். தேடப்படுபவனைப் பற்றிய அறிவிப்பில் அவன் புகைப்படம் இல்லை, ஏனென்றால் அவன் யாரென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. படம் இருக்க வேண்டிய இடத்தில் அவனே வந்து தன் நிழலை ஒட்டிவிட்டுப் போகிறான். முகத்தை மறைப்பதும் ஆளைக் காட்டிக்கொடுப்பதும் ஒரே நிழல்தான். பிறகு கொலைகாரனாக நடித்த பீட்டர் லோரியின் முகம் கண்ணாடியில் தெரியும்போது அது உருண்டையான, கொஞ்சம் குழந்தைத்தனமான முகம். கண்ணாடியைப் பார்த்துக் கோணல் காட்டிக்கொண்டிருக்கிறது. நிழல் பயமுறுத்திய அளவுக்கு அந்த முகம் பயமுறுத்தவில்லை. ஆகவே நிழல் சொன்னது 'இவன் கெட்டவன்' என்பதல்ல. 'உனக்கு இன்னும் தெரியாதது ஒன்று இங்கே நிற்கிறது' என்பதுதான். குற்றக் கதைப் படங்கள் இன்றுவரை இந்த ஒரு வாக்கியத்தைத்தான் வெளிச்சத்தாலும் இருட்டாலும் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருக்கின்றன என்பது என் எண்ணம்.

தொலைக்காட்சியின் ஒலியை அணைத்துவிட்டு, ஏதாவது ஒரு படத்தின் நடுவில் நுழைந்து, இது என்ன மாதிரிப் படம் என்று ஊகிப்பது எனக்குப் பழைய விளையாட்டு. மொழி தெரியாத படம் என்றால் இன்னும் நல்லது. பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் தெரிந்துவிடும். அறையின் மூலை முடுக்கெல்லாம் பளிச்சென்று தெரிகிறதா, நகைச்சுவையாக இருக்கும். எந்தக் கதவு வழியாக யார் நுழைகிறார், மேசைக்கு அடியில் யார் ஒளிந்திருக்கிறார் என்பது முன்கூட்டியே தெரிந்தால்தான் நம்மால் சிரிக்க முடியும். முக்கால் பங்கு வானமும் அடியில் ஒரு குதிரையும் என்றால் வெஸ்டர்ன். கூப்பிடு தூரத்தில் போலீஸ் இல்லை என்பதை அந்த வானம் சொல்லிவிடுகிறது. ஒரு பெண்ணின் முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தே கிடக்கிறது, கேமரா அந்தக் கதவுக்குத் தேவைக்கு அதிகமாக இடம் விட்டிருக்கிறது என்றால் பேய்ப் படம். அந்தக் காலி இடத்தை நிரப்ப ஏதோ ஒன்று வந்தே தீரும். கதையின் ஒரு வரிகூடத் தெரியாமல் எதை எதிர்பார்க்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்துவிடுகிறது. வகைமை என்று விமர்சகர்கள் சொல்வது இந்த எதிர்பார்ப்பைத்தான்.

இதில் விளக்குக்கு உள்ள பங்கைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஸ்டுடியோ முறையில் ஒரு முகத்துக்கு அடிப்படையாக மூன்று விளக்குகள். கீ லைட் முகத்தில் விழும் முக்கிய வெளிச்சம். அது மூக்குக்கு ஒரு பக்கமும் கண்குழியிலும் உண்டாக்கும் நிழலைத் தணிக்க எதிர்ப்பக்கத்திலிருந்து மெல்லிய ஃபில் லைட். தலைமுடியையும் தோளையும் பின்சுவரிலிருந்து பிரித்துக் காட்ட பின்னாலிருந்து பேக் லைட். 1930களின் ஹாலிவுட்டில் நட்சத்திரத்தின் முகம்தான் முதலீடு. போட்ட பணம் தெரிய வேண்டாமா? ஃபில் லைட்டைத் தாராளமாகப் போட்டார்கள். முகத்தில் ஒரு மடிப்பும் தெரியாது. இருண்ட படம் எடுக்கப் புதிதாக எந்தக் கருவியும் வேண்டியதில்லை. அந்த ஃபில் லைட்டை அணைத்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

ஒரு சமையல் எண்ணெய் விளம்பரப் படப்பிடிப்பை வேடிக்கை பார்க்கும் வாய்ப்பு ஒருமுறை கிடைத்தது. மாமியாராக நடித்த அம்மாள் தோசைக் கரண்டியும் கையுமாகக் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அவருடைய இடப்பக்கம் வெள்ளைத் தெர்மோகோல் அட்டையைப் பிடித்து வெளிச்சத்தைத் திருப்பிக்கொண்டிருந்த பையன் தேநீர் வந்ததும் அட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்விட்டான். மானிட்டரில் அந்த அம்மாள் முகத்தின் பாதி மெதுவாக இருட்டில் மூழ்கியது. அதே சிரிப்பு, அதே பட்டுப்புடவை, அதே தோசை. 'எண்ணெயில் என்னமோ கலந்துவிட்டாள்' என்று யாரோ சொல்ல, மொத்த யூனிட்டும் சிரித்தது. அந்த அம்மாளும்தான். குடும்ப விளம்பரம் கொலைக் கதையாக மாற ஓர் அட்டை நகர்ந்தால் போதும் என்று அங்கே தெரிந்தது. புத்தகங்களில் இதைப் படித்ததைவிட அந்த மானிட்டரில் பார்த்ததுதான் என் மனதில் நின்றது.

அந்த அட்டையை வேண்டுமென்றே எடுத்தவர்கள் 1940களில் ஹாலிவுட்டில் இருந்தார்கள். பில்லி வைல்டர் 1944இல் இயக்கிய 'டபுள் இன்டெம்னிட்டி' அதற்கு நல்ல உதாரணம். ஒளிப்பதிவு ஜான் சைட்ஸ். எழுத்துகள் ஓடும்போதே ஊன்றுகோல்களோடு ஒரு கரிய உருவம் நம்மை நோக்கி வந்துகொண்டே இருக்கிறது. யார் என்று தெரியாது. படம் பாதி ஓடிய பிறகுதான் அந்த ஊன்றுகோல்கள் எதற்கு என்று புரியும்: காப்பீட்டுப் பணத்துக்காக மனைவி ஃபில்லிஸும் அவள் காதலனும் கொல்லத் திட்டமிடும் கணவனுக்கு உண்மையில் கால் முறிகிறது, அவனைக் கொன்ற பிறகு கொலையாளி அவனைப் போல ஊன்றுகோலோடு ரயில் ஏறுகிறான். முகம் தெரியாத அந்த உருவம் கொல்லப்பட்டவனாகவும் இருக்கலாம், கொன்றவனாகவும் இருக்கலாம். படத்தின் முழுக் கதையும் அந்த ஒரு நிழலுருவில் அடங்கிவிட்டது, ஆனால் முதல் முறை பார்ப்பவருக்கு அது வெறும் பயமுறுத்தல் மட்டுமே.

அந்தக் காதலன், காப்பீட்டு முகவர் வால்டர் நெஃப், ஃபில்லிஸின் வீட்டு வரவேற்பறையில் காத்திருக்கும் காட்சிக்கு வருவோம். பகல் நேரம், வெளியே கலிஃபோர்னியாவின் சுள்ளென்ற வெயில். ஆனால் உள்ளே வருகிற வெயில் ஜன்னலின் பலகைத் திரை வழியாகக் கீற்றுக் கீற்றாக வெட்டுப்பட்டு வருகிறது. சுவரிலும் அவனுடைய கோட்டிலும் கம்பி கம்பியாக விழுகிறது. சிறைக் கம்பி என்று எல்லோரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன விளக்கம் அது. சரிதான், ஆனால் என்னை இழுப்பது அந்தக் கம்பிகளுக்கு நடுவே மிதக்கும் தூசு. அந்த வீட்டில் யாரும் சரியாகப் பெருக்குவதில்லை என்பது தெரிய வேண்டும் என்று வைல்டர் விரும்பினார். சாதாரணத் தூசு கேமராவில் நிற்காது. பொடித்த அலுமினியத் துகள்களை ஷாட்டுக்குச் சற்று முன் காற்றில் ஊதிவிட்டார்கள். பணக்கார வீடு, பளபளக்கும் மாடிப்படி, கணுக்காலில் சங்கிலி அணிந்து இறங்கி வரும் பெண் எல்லாம் இருந்தும், எங்கோ ஏதோ அழுகிக்கொண்டிருக்கிறது என்ற உணர்வு பார்ப்பவருக்குத் தோன்றுகிறது. அதற்குக் காரணம் அந்தத் தூசு என்று யாருக்கும் தோன்றாது.

இதே படத்தில் ஓர் அப்பட்டமான பொய் உண்டு. நெஃபின் அடுக்ககத்துக்கு அவனுடைய மேலதிகாரி வந்திருக்கும்போது ஃபில்லிஸும் வந்துவிடுகிறாள். அதிகாரி வெளியேறும்போது அவள் திறந்த கதவுக்குப் பின்னால், நடைக்கூடத்தில் ஒளிந்து நிற்கிறாள். அதற்கு வசதியாக அந்தக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறது. அடுக்ககத்தின் வாசல் கதவு உள்பக்கமாகத் திறப்பதுதான் வழக்கம். கட்டடம் கட்டுபவர் சிரிப்பார். ஆனால் சட்டகத்தைப் பாருங்கள்: ஒருபுறம் போகிறவன், நடுவில் கதவு, மறுபக்கம் ஒளிந்திருப்பவள், கதவைப் பிடித்துக்கொண்டு இருவருக்கும் இடையில் நெஃப். அவன் மாட்டிக்கொண்டிருக்கும் நிலைமை முழுவதும் ஒரே ஷாட்டில் வரைபடம் போல் கிடக்கிறது. நியாயமான கதவு வேண்டும் என்றால் இந்த ஷாட் கிடையாது. நானாக இருந்தாலும் கதவைத்தான் திருப்பி மாட்டியிருப்பேன்.

கடைசியில் ஃபில்லிஸ் அவனுக்காகக் காத்திருக்கும் காட்சி வருகிறது. துப்பாக்கியை நாற்காலி மெத்தைக்கு அடியில் செருகுகிறாள். அறையின் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்துகொள்கிறாள். அதுவரை ஒளிப்பதிவாளர் செய்துவந்த வேலையை இப்போது கதாபாத்திரமே எடுத்துக்கொள்கிறது. எந்த மாதிரிப் படத்தில் இருக்கிறோம் என்பது அவளுக்கே தெரிந்துவிட்டது போல இருக்கும்.

இந்தப் படங்களை எடுத்தவர்கள் தாங்கள் ஒரு புதிய வகைமையைப் படைக்கிறோம் என்று நினைக்கவில்லை. துப்பறியும் படம், கொலைப் படம், மெலோடிராமா என்றுதான் ஸ்டுடியோக்கள் சொல்லி விற்றன. ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது அமெரிக்கப் படங்களைப் பார்க்க முடியாமலிருந்த பிரெஞ்சுக்காரர்களுக்கு 1946இல் அவை மொத்தமாக வந்து சேர்ந்தன. 'தி மால்டீஸ் ஃபால்கன்', 'லாரா', 'டபுள் இன்டெம்னிட்டி' என்று வருடக்கணக்கில் சிதறி வெளிவந்தவற்றை அவர்கள் சில வாரங்களில் அடுத்தடுத்துப் பார்த்தார்கள். நீனோ ஃபிராங்க் என்ற விமர்சகர் அந்த ஆண்டிலேயே இவற்றை 'ஃபிலிம் நுவார்', அதாவது கறுப்புப் படம், என்று எழுதினார். தனித்தனியாகப் பார்த்தபோது தெரியாத குடும்பச் சாயல் வரிசையாக நிறுத்தியதும் தெரிந்துவிட்டது. ஒரு கதையில் தனியார் துப்பறிவாளன், இன்னொன்றில் காப்பீட்டு முகவர், மற்றொன்றில் போலீஸ்காரன். கதைகள் வேறு வேறு; இருட்டு ஒன்றாக இருந்தது.

அந்த இருட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ஒன்று ஜெர்மனி. 1920இல் வெளிவந்த 'தி கேபினெட் ஆஃப் டாக்டர் கலிகாரி'யில் நிழல்களைச் செட்டின் மீதே தூரிகையால் வரைந்திருந்தார்கள். மூர்னாவின் 'நோஸ்ஃபெராட்டு'வில் 1922இல் ஒரு நிழல் மாடிப்படி ஏறியது. நாஜிகள் 1933இல் ஆட்சிக்கு வந்ததும் லாங், வைல்டர், ராபர்ட் சியோட்மாக் எனப் பலர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். ஹாலிவுட் போய்ச் சேர்ந்தபோது அந்தக் கண்ணையும் கொண்டுபோனார்கள். இரண்டாவது பதில் பணம். போர்க்காலத்தில், 1942இல், ஒரு படத்தின் செட்டுக்குப் புதிய பொருட்கள் வாங்க 5,000 டாலருக்கு மேல் செலவிடக்கூடாது என்று அமெரிக்க அரசு கட்டுப்பாடு விதித்தது. பழைய செட்டையே திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும். அது பழையது என்று தெரியக்கூடாது. இருட்டைவிட மலிவான வண்ணப்பூச்சு உண்டா? போதாததற்கு, குறைந்த வெளிச்சத்திலும் படம் பிடிக்கும் வேகமான கோடாக் ஃபிலிம்கள் 1938லேயே வந்துவிட்டன.

இரண்டும் உண்மை. ஆனால் பஞ்சமும் பரம்பரையும் மட்டும் ஒரு பாணியை உண்டாக்கிவிடாது. பணமில்லாமல் எடுத்த மோசமான படங்கள் அதே ஹாலிவுட்டில் நூற்றுக்கணக்கில் உண்டு. இருட்டு எதையாவது சொல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த சிலர் வேண்டியிருந்தது. அவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்டன். அன்றைய ஆஸ்திரிய ஹங்கேரியில், ஷோப்ரோனில் பிறந்தவர். அர்ஜென்டினாவில் வேலை செய்துவிட்டு ஹாலிவுட் திரும்பியவர். ஈகிள் லயன் என்ற சின்ன நிறுவனத்துக்காக இயக்குநர் ஆன்டனி மேனுடன் 1947இல் 'டி மென்' எடுத்தார். அதில் நீராவிக் குளியலறையில் ஒரு கொலை. ஆளை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டி ஆவியைத் திறந்துவிடுகிறான் கொலையாளி. உள்ளே இருப்பவன் கதவின் கண்ணாடியில் முகத்தை அழுத்திக் கத்துகிறான். வெளியே நிற்பவன் சலனமில்லாமல் பார்க்கிறான். ஆவி அடர அடரக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முகம் மெல்ல மெல்ல இல்லாமல் போகிறது. இங்கே மறைப்பது இருட்டுகூட அல்ல, வெள்ளை. கண்ணுக்கு எதையோ மறுப்பதுதான் முக்கியம், கறுப்பா வெள்ளையா என்பது அப்புறம்தான். இதே ஆல்டன் 'அன் அமெரிக்கன் இன் பாரிஸ்' படத்தின் கடைசி நடனத்துக்கு வண்ணத்தில் ஒளிப்பதிவு செய்து ஆஸ்கர் வாங்கினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருட்டு மட்டுமே தெரிந்தவர் இருட்டை இவ்வளவு கணக்காகச் செலவழிக்க மாட்டார்.

அடையாளம் ஒன்று நிலைபெற்றுவிட்டால் அதை மீறுவதிலும் அர்த்தம் பிறக்கும். 'டபுள் இன்டெம்னிட்டி'யில் கொலைக்குத் திட்டமிடுவது இருட்டுச் சந்தில் அல்ல, பட்டப்பகல் போல் விளக்கெரியும் மளிகைக் கடையில். நேர் வரிசையாக டின்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் அலமாரியைப் பார்த்துப் பேசுகிறார்கள். நடுவில் ஒரு பெண்மணி வந்து, உயரத் தட்டிலிருந்து ஒரு டின்னை எடுத்துத் தரச் சொல்கிறாள். நெஃப் எடுத்துத் தருகிறான். ஒரு நிழலும் இல்லை. அதுவரை வரவேற்பறையில் கம்பி கம்பியாக விழுந்த வெயிலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தச் சீரான வெளிச்சம் கூசுகிறது. அவர்களுக்கு ஒளிய இடமில்லை என்று நமக்குப் பதறுகிறது. இரண்டாவது முறை அங்கே வரும்போது ஃபில்லிஸ் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறாள். அறையில் இல்லாத நிழலைத் தன் முகத்தில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அடுத்த ஆண்டே இன்னொரு கறுப்புக் கண்ணாடி வந்தது. 1945இல் வெளியான 'லீவ் ஹர் டு ஹெவன்' டெக்னிகலர் படம். வண்ண ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் லியோன் ஷாம்ராய்க்குக் கிடைத்தது. பச்சை மலைகள், கண்ணாடி போன்ற ஏரி, வெள்ளை அங்கி அணிந்து படகில் உட்கார்ந்திருக்கும் ஜீன் டியர்னி. கணவனுடைய தம்பி, கால் வலுவிழந்த பையன், ஏரியில் நீந்துகிறான். அவள் படகில் பின்தொடர்கிறாள். கணவனின் அன்பில் அவனுக்குப் பங்கு இருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. பையன் தசைப்பிடிப்பில் தவிக்கிறான், கூப்பிடுகிறான். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகம் அசையவில்லை. சுற்றுலா அட்டையில் அச்சிடத் தகுந்த அழகு சட்டகம் முழுக்க. அதன் நடுவில் இரண்டு கறுப்பு வட்டங்கள். இதை நுவார் என்று சொல்லலாமா, டெக்னிகலரில் ஏது நுவார் என்று விமர்சகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்குச் சந்தேகமே இல்லை. 'எம்' படத்து நிழல் சொன்ன அதே வாக்கியத்தை அந்தக் கண்ணாடி சொல்கிறது. அவள் என்ன நினைக்கிறாள் என்பது தெரிய வேண்டிய அந்தக் கணத்தில் கண்கள் மட்டும் நமக்குத் தரப்படவில்லை.

நிழலை வைத்து நம்மை ஏமாற்றிச் சிரித்த படமும் ஒன்று உண்டு. கரோல் ரீடின் 'தி தேர்ட் மேன்', 1949. போரில் இடிந்த வியன்னா, நனைத்துப் பளபளக்க விட்ட கல் தெருக்கள், சாய்ந்து சாய்ந்து நிற்கும் சட்டகங்கள். ராபர்ட் கிராஸ்கரின் ஒளிப்பதிவு. தலைமறைவாக இருப்பவனைப் பிடிக்கப் போலீஸ் இரவில் காத்திருக்கிறது. எதிர்க் கட்டடத்தின் சுவரில் ஒரு நிழல் எழுகிறது. மாடி உயரத்துக்கு வளர்ந்துகொண்டே வருகிறது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். வந்து சேர்பவர் பலூன் விற்கும் கிழவர். அதுவும், ஒளிந்து நிற்கும் போலீஸ்காரரிடமே வந்து பலூன் வேண்டுமா என்று நச்சரிக்கிறார். 'எம்' படத்தில் கொலைகாரனை அடையாளம் காட்டிக்கொடுப்பவரும் பலூன் விற்கும் பார்வையற்ற கிழவர்தான் என்பதை நினைத்துக்கொண்டால் இந்தக் கிண்டல் இன்னும் இனிக்கும். ரீட் அதைத் தெரிந்துதான் செய்தாரா என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. ஆனால் பதினெட்டு ஆண்டுகளில் நிழல் எவ்வளவு பழகிப்போன சரக்காகிவிட்டது என்பது அந்த ஒரு காட்சியில் தெரிகிறது.

இன்றைய நிலைமையைப் பற்றிக் கொஞ்சம் புலம்பிவிடுகிறேன். நிறமும் இருட்டும் இப்போது பெரும்பாலும் படப்பிடிப்பு முடிந்த பிறகு கணினியில் முடிவாகின்றன. 2000இல் ஸ்டீவன் சோடர்பெர்க் 'டிராஃபிக்' படத்தில் மெக்சிகோவுக்குப் புகையிலை மஞ்சள், அமெரிக்கத் தலைநகருக்கு நீலம் என்று பிரித்தார். ஒரே போதைப் பொருள் கதை மூன்று இழைகளாக ஓடும் படத்தில் எங்கே இருக்கிறோம் என்று உடனே தெரிய அது உதவியது, நல்ல யோசனைதான். அது தொற்றிக்கொண்டது. ஹாலிவுட் கேமரா எந்த வெப்ப நாட்டுக்குப் போனாலும் வானம் மஞ்சளாகிவிடுகிறது. 2020இல் 'எக்ஸ்ட்ராக்ஷன்' படத்து டாக்காவை அந்த மஞ்சளுக்காகவே பலர் கேலி செய்தார்கள். பச்சைப் பசேலென்ற வங்காளத்துக்கு மஞ்சள் காமாலை வந்தது போல இருந்தது. அந்த நிறம் இடத்தைக் காட்டவில்லை. இங்கே உயிருக்கு விலையில்லை, தைரியமாகச் சுடலாம் என்று பார்வையாளருக்குச் சொல்கிறது. நிறமும் வகைமையைச் சொல்லும் என்பதற்கு இதைவிட நேரடியான, இதைவிட அசிங்கமான சான்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு பக்கம், குற்றத் தொடர்கள் என்றாலே எல்லா அறையும் இருட்டு. காலை உணவு மேசை இருட்டு, அலுவலகம் இருட்டு, ஆஸ்பத்திரி இருட்டு. என் தொலைக்காட்சியில் பல இரவுக் காட்சிகளில் நான் பார்ப்பது என் முகத்தைத்தான். சைட்ஸும் ஆல்டனும் இருட்டாக்கிய படங்களில் கறுப்புக்குப் பக்கத்தில் எப்போதும் சுத்தமான ஒரு வெள்ளை இருக்கும்; ஒரு தொப்பியின் விளிம்பு, ஒரு சிகரெட் புகை, ஒரு கன்னம். அந்த வெள்ளை இருந்தால்தான் எது மறைக்கப்படுகிறது என்று தெரியும். எல்லாவற்றையும் ஒரே சாம்பலில் முக்கி எடுத்தால் மறைக்க எதுவுமில்லை என்றாகிவிடும்.

இந்த நிழல் சென்னைக்கும் வந்தது, கொஞ்சம் சுற்றுவழியாக. அகிரா குரோசாவாவின் 'ரஷோமோன்' 1951இல் வெனிஸ் விழாவில் உயரிய விருதைப் பெற்றது. ஒரு கொலை, அதைப் பற்றி நான்கு பேர் சொல்லும் நான்கு கதைகள். ஒளிப்பதிவாளர் கசுவோ மியாகாவா கேமராவை நேராகச் சூரியனுக்கே திருப்பினார். காட்டுக்குள் கண்ணாடிகளை வைத்து வெயிலைத் திருப்பி முகங்களில் விழவைத்தார். காட்டில் நடக்கும் காட்சிகளில் முகங்கள் மீது இலை நிழல் சதா அசைந்துகொண்டே இருக்கிறது. ஒரு கன்னத்தைக்கூட முழுசாக நம்ப முடியாது. அந்தப் படத்தைத் திரைப்பட விழாவில் பார்த்தவர்களில் ஒருவர் எஸ். பாலசந்தர், பின்னாளில் ஊர் உலகம் அறிந்த வீணை வித்வான். அவர் ஏவி.எம். நிறுவனத்துக்காக 1954இல் இயக்கியது 'அந்த நாள்'. திரைக்கதை ஜாவர் சீதாராமன், ஒளிப்பதிவு மாருதி ராவ்.

1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்ட மறுநாள், ரேடியோ என்ஜினீயர் ராஜன் தன் வீட்டில் சுடப்பட்டுச் செத்துக் கிடக்கிறான். துப்பறியும் அதிகாரி விசாரிக்க விசாரிக்க ஒவ்வொருவரும் ஒரு ராஜனைச் சொல்கிறார்கள். பாதி வெளிச்சமும் பாதி இருட்டுமாக முகங்கள். தமிழின் முதல் நுவார் என்று இதைக் கொண்டாடுபவர்கள், பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் பேசும்படம் என்பதைத் தனிச் சாதனையாகக் குறிப்பிடுவார்கள். வீணைக் கலைஞர் ஒருவர் பாட்டை வேண்டாம் என்று சொன்ன சுவாரசியத்தையும் சேர்த்துக்கொள்வார்கள்.

எனக்கு அவை இரண்டு செய்திகளாகத் தெரியவில்லை. அன்றைய தமிழ்ப் படத்தில் பாட்டு வருகிறது என்றால் வெளிச்சமும் வருகிறது என்று அர்த்தம். தோட்டம், நிலா, புதுப் புடவை, நாயகியின் முகத்தில் மிருதுவான விளக்கு. அழுகைப் பாட்டில்கூட கண்ணீர் மின்ன வேண்டும். ஐந்து நிமிடம் ஃபில் லைட் எரிந்துவிட்டால் அதற்கு முன்னும் பின்னும் கட்டிவைத்த சந்தேகம் கலைந்துபோகும். நாயகி நல்லவள்தான் என்று விளக்கே சாட்சி சொல்லிவிடும். மனைவி உள்பட வீட்டிலுள்ள அத்தனை பேர் மீதும் சந்தேகம் நிற்க வேண்டிய கதையில் அந்த ஐந்து நிமிடத்தைத் தர முடியாது. பாட்டை எடுத்தது காதுக்காக மட்டுமல்ல, மாருதி ராவின் இருட்டு இடையில் அறுந்துபோகாமல் இருக்கவும்தான் என்று இந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். பாலசந்தர் அப்படித் திட்டமிட்டாரா என்பது வேறு விஷயம். திரையில் நடப்பது அதுதான்.

முகத்தையும் அவர்கள் ஓர் அடையாளமாகவே கையாண்டார்கள். ராஜன் வேடத்தில் முதலில் வேறொருவரை வைத்துக் கணிசமான பகுதியைப் படமாக்கியிருந்தார்கள். ஏவி. மெய்யப்பச் செட்டியாருக்குத் திருப்தி இல்லை. எடுத்ததை ஒதுக்கிவிட்டு, 'பராசக்தி'யில் அறிமுகமாகி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த சிவாஜி கணேசனைக் கொண்டுவந்தார். சிவாஜி முகம் திரையில் தெரிந்தால் அது அவருடைய படம், அவர் பேசப்போகிறார், அழப்போகிறார் என்று கொட்டகை நிமிர்ந்து உட்காரும். அந்த முகத்தைத் தொடக்கத்திலேயே சுட்டுத் தள்ளிவிட்டு, மிச்சப் படம் முழுக்க அவன் நாட்டைக் காட்டிக்கொடுத்தவன் என்று கொஞ்சம் கொஞ்சமாக நிரூபிக்கிறார்கள். பத்திரிகைகள் பாராட்டின, வசூல் அந்த அளவுக்கு இல்லை. டிக்கெட் வாங்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுவரொட்டியில் சிவாஜியின் முகத்தைப் பார்த்து உள்ளே வந்தவர்களுக்கு, முகத்தை நம்பக்கூடாது என்று சொல்லும் படம் காத்திருந்தது.